பட்டு குடித்த தண்ணீர்

தராசின் முள் நடுவில் நிற்கவில்லை. எடைக்கல் இருந்த பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் ஆடிவிட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

எதிர்த்தட்டில் எங்கள் அக்கா கனகா நெய்த புடவைகள் மூன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒரே பாவில் நெய்தவை. மூன்றுக்கும் அரக்கு உடல், பச்சைக் கரை, கரை நிறைய சரிகை. கடையின் கணக்குப்பிள்ளை தன் மூச்சுக்காற்று தட்டில் படாமல் முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். புடவைகளை எடுத்து உதறித் திரும்ப வைத்தார். முள் திரும்பவும் அங்கேதான் போய் நின்றது.

"கொறையுது மொதலாளி" என்றார்.

சின்ன முதலாளி மேசையை விட்டு எழுந்து வந்தார். "மீதி நூலெல்லாம் வெச்சீங்களா?"

"மீதி நூலு, கழிவு நூலு, அல்லாம் சேத்துதான் வெச்சிருக்கேன். திரும்பி வந்த சரிகை கணக்குப்படி சரியா இருக்குது. பட்டுதான் கொறையுது."

கணக்குப்பிள்ளை எடைக்கற்களைச் சின்னதாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் குறைத்துக்கொண்டே வந்தார். முள் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. அவர் தனியாக எடுத்து வைத்த கற்களைப் பார்த்தேன். ஒரு நூல் கட்டின் எடை இருக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் வெளியே தெரியாது. கைதவறிக் குறைந்தது என்று சொல்ல முடியாத அளவு அது. திருட்டு என்று சொல்லப் பொருத்தமாக இருந்தது.

"பட்டு எங்கமா போச்சு?" என்று சின்ன முதலாளி கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார்.

அக்கா புடவைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கெழம வந்து சொல்லு. சொல்லலன்னா மத்த கடைங்களுக்கும் நான் சொல்லி அனுப்ப வேண்டியதா இருக்கும்."

பயந்தாங்கொள்ளியின் வீடு

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது தெரிந்திருக்கும். தந்திக்காரர் எங்கள் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினாலே யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று யோசிக்கிறவள். பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன். அதிலும் அமில பாட்டிலைத் திறக்கிறபோதெல்லாம் ஈசானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திறப்பேன்.

இது நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. கல்லூரியில் தமிழ் வழியில் பாடம் நடத்தத் தொடங்கியிருந்த காலம். அப்பா போன பிறகு அவர் தறியில் அக்கா உட்கார்ந்தாள். பிள்ளையார்பாளையத்தில் பெண்கள் தறியில் உட்காருவது அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெண் தன் பெயரில் கடைக்குப் போய்ப் பாவு வாங்கி வருவது அபூர்வம். அந்தப் பெயரை வாங்க அக்காவுக்கு வருஷங்கள் பிடித்தன.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் பட்டு, சரிகை எல்லாம் கடைக்காரருடையது. நெய்கிற கை மட்டும் நம்முடையது. சாயம் போட்ட பட்டை எடை போட்டுக் கொடுப்பார்கள். நீளவாக்கில் ஓடும் பாவுக்கு இவ்வளவு, குறுக்கே ஓடும் ஊடைக்கு இவ்வளவு. நெய்து முடித்ததும் புடவையை எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். பாவுக்குப் போட்ட கஞ்சியின் எடையைக் கழித்துக்கொள்வார்கள். அறுந்து கழிந்த நூலைக்கூடச் சுருட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிய எடையும் கொடுத்த எடையும் ஒத்துப்போனால் நல்லவர். குறைந்தால் அதற்கு ஒரே பெயர்தான்.

அந்தப் பெயர் வந்துவிட்டால் ஊரில் எந்தக் கடையும் அந்த வீட்டுக்குப் பாவு கொடுக்காது. எங்கள் வீட்டில் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அதைவிட, அக்கா தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது நிற்கும். எனக்கு அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

பெரியவரின் வெற்றிலை

அந்தக் கடையில் அதுவரை எடைத் தகராறு வந்ததே இல்லை. கடையை நடத்தியவர் சின்ன முதலாளியின் மாமனார். அவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கனத்த சரீரம், வாயில் எப்போதும் வெற்றிலை, பேச்சு அதற்குள்ளிருந்து குழைந்துகொண்டு வரும். அவருடைய தராசு ஒரு பழைய தூக்குத் தராசு. சங்கிலியில் துரு.

மழை நாளில் பாவு வாங்கப் போனால் அவர் ஒரு காரியம் செய்வார். எடைக்கல் வைக்கிற தட்டில் கல்லோடு கூட ஒரு கொத்து வெற்றிலையையும் வைப்பார். அதற்கும் சேர்த்து எதிர்த்தட்டில் பட்டு ஏறும். எடை போட்டு முடிந்ததும் வெற்றிலையை எடுத்து நெய்பவர் கையில் கொடுத்து, "மங்களமா இருக்கட்டும்பா" என்பார்.

மங்கலத்துக்காகத்தான் வைக்கிறார் என்று தெருவே நம்பியது. வெயில் காலத்தில் ஏன் வைப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லை. கோடையில் வெற்றிலை விலை ஏறிவிடும், பெரியவர் கஞ்சப் பிசுநாறி, அதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். சொல்லிக்கொண்டே அந்த வெற்றிலையைத்தான் மெல்லுவாள்.

பெரியவர் ஆடி மாதத்தில் காலமானார். மருமகன் மெட்ராஸிலிருந்து வந்து கடையை ஏற்றார். வந்ததும் முதல் வேலையாகத் தூக்குத் தராசைப் பரணில் போட்டுவிட்டு, நகைக்கடையில் இருப்பதுபோல முள் வைத்த புதுத் தராசு ஒன்றை இறக்கினார். ஐப்பசி அடைமழையில் அக்கா பாவு வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில் வெற்றிலையைத் தட்டில் வைக்கப் போனார்.

"அது இன்னாத்துக்கு? எடைன்னா எடைதான். பூசைய பூசை ரூம்ல வெச்சிக்கலாம்" என்றார் சின்ன முதலாளி.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கல்லும் பட்டும் மட்டும் தட்டில் இருப்பதுதானே நேர்மை. அக்காகூட வீட்டுக்கு வரும்போது, "இவரு சுத்தமான ஆளுடி" என்று மெச்சிக்கொண்டே வந்தாள்.

தெரு சொன்ன வழி

எடை குறைந்த செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு ராஜாமணி மாமி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏன்டி கனகா, நீ ஈரத்துணி சுத்தலையா?"

"இல்ல."

"அறிவு இருக்குதாடி உனக்கு? பெரியவரு போனப்புறம் அல்லாருக்குந்தான் கொறையுது. மொத நாளே புடவைய ஈரத்துணில சுத்தி பானைக்குப் பக்கத்துல வெச்சிட்டா, காலைல எடை கும்முனு ஏறிக்கினு நிக்கும். தெருவே செஞ்சிக்கினு இருக்குது. தொட்டா ஈரமே தெரியாது. நீ மட்டும் ஏன் இப்டி இருக்கற?"

"ஈரம் பட்டா சரிகை கறுக்கும் மாமி. வாங்கறவங்க பொட்டில வெச்சி, எடுத்துப் பாத்தா கறுத்துப் போயிருக்கும்."

"அது அப்புறம். இப்ப உன் மூஞ்சி கறுத்துப் போச்சே."

மாமி போன பிறகு அம்மா அழ ஆரம்பித்தாள். தை மாதமே முடிய வேண்டிய பாவு அது. அம்மாவுக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டதால், ஊடை இழைக்க ஆளில்லாமல் இழுத்து இழுத்துப் பங்குனி வெயிலில்தான் முடிந்தது. எல்லாம் தன்னால்தான் என்று அம்மா ராட்டையில் தலையை முட்டிக்கொண்டாள்.

எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. தெருவில் எல்லோரும் தப்பிவிட்டார்கள். ஏமாற்றாத ஒருத்திதான் திருடி என்று நிற்கிறாள். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. வெறும் தறியில் போய் உட்கார்ந்துகொண்டு பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று சொட்டு

மூன்றாவது நாள் காலை, சமையல் செய்ய உப்பு ஜாடியைத் திறந்தேன். கார்த்திகையில் கையை விட்டால் சொதசொதவென்று ஒட்டிய உப்பு, இப்போது கலகலவென்று உதிர்ந்தது. ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். மழையில் வாங்கிய பட்டு. வெயிலில் கொடுத்த புடவை. குழம்பு பொங்கி வழிந்து அம்மா கத்திய பிறகுதான் எனக்குத் தன்னினைவு வந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், பழைய வாத்தியாரம்மாவின் வியாதி.

அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் விரிவுரையாளர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசைகளை நடத்தினார். நடத்தியபோது எங்கள் எல்லோரையும் புறங்கையை நீட்டச் சொல்லி மூன்று சொட்டு விட்டுக்கொண்டு போனார். முதல் சொட்டு பெட்ரோலியம் ஈதர். பட்டதும் சில்லென்று காணாமல் போனது. இரண்டாவது அசிட்டோன். அது ஒரு மூச்சு நேரம் நின்று போனது. மூன்றாவது தண்ணீர். வகுப்பு முடியும்வரை கையிலேயே இருந்தது. பெண்கள் நாங்கள் முன்வரிசையில் ஐந்தாறு பேர், புறங்கையைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

எல்லாவற்றிலும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன என்றார். ஈதரில் இருப்பது மிக லேசான இழுப்பு. எலக்ட்ரான்கள் ஒரு கணம் இந்தப் பக்கம் ஒதுங்கும்போது உண்டாகி, மறுகணம் மாறிப்போகும். அந்தக் கூட்டத்து விசைகளுக்கு ஒரு ஹாலந்துக்காரர் பெயரை வைத்திருக்கிறார்கள். கோயிலில் தட்டில் கொட்டிய கற்பூரம் ஏற்றாமலேயே கரைந்து போவதும் அந்த லேசான பிடிப்பினால்தான். அசிட்டோனில் ஒரு முனை நேர், ஒரு முனை எதிர் என்று நிரந்தரமாகவே இருக்கும். ஒன்றின் நேர்முனையை இன்னொன்றின் எதிர்முனை இழுக்கும். அதற்கு இருமுனை விசை என்று பெயர்.

தண்ணீரில் இருப்பது இவற்றைவிடப் பிடிவாதமானது. ஆக்ஸிஜனோடோ நைட்ரஜனோடோ ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனையோ நைட்ரஜனையோ எட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு மூலக்கூறுக்குள் அணுக்கள் கட்டிக்கொண்டிருக்கும் பிணைப்போடு ஒப்பிட்டால் இதுவும் சின்னதுதான். வீட்டுக்குள் இருக்கிற உறவுக்கும் அக்கம்பக்கத்து ஒட்டுதலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருவில் காலம் தள்ளுவது அக்கம்பக்கத்தை நம்பித்தானே.

அன்று அதை நான் மார்க்குக்காக உருப்போட்டேன். உப்பு ஜாடியோடு நின்றபோதுதான் மிச்சம் புரிந்தது. பட்டு ஒரு புரதம். அதன் சங்கிலி நெடுக நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இருக்கின்றன. மழைக்காற்றில் உள்ள தண்ணீர் வந்து அந்த இடங்களில் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. நூல் நனையவில்லை, கையில் ஈரம் இல்லை, ஆனால் எடை இருக்கிறது. பங்குனிக் காற்றில் தண்ணீர் பிடியை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. சரிகை பெரும்பாலும் வெள்ளி. தண்ணீர் அதன் மேலே வேண்டுமானால் படியும், பட்டுக்குள் புகுவதுபோல அதற்குள் புகாது. அதனால்தான் சரிகை எடை சரியாக இருந்தது.

அக்கா எதையும் எடுக்கவில்லை. ஐப்பசியில் கடைக்காரர் பட்டு என்று எடைபோட்டுக் கொடுத்ததில் கொஞ்சம் மழைதான்.

தறிக்குழியின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த கழிவு நூல் கொஞ்சத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். ஆய்வகத் தராசில் எடை போட்டேன். அடியில் தண்ணீர் ஊற்றிய ஜாடிக்குள் நூல் தண்ணீரில் படாமல் தொங்கவிட்டு மூடி வைத்தேன். மறுநாள் எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன், ஈரம் தெரியவில்லை. எடை ஏறியிருந்தது. அட்டெண்டர் அய்யா இருந்ததால் குதிக்கவில்லை. நூலைச் சின்ன மாத்திரை பாட்டிலில் போட்டு அடைத்து எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை

கடையில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. முதலாளி முன்னால் பாயில் அக்கா உட்கார்ந்தாள். நான் நின்றேன். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று தோன்றியது.

பாடம் ஒப்பிப்பதுபோல முழுவதையும் சொன்னேன். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், புரதம், காற்றில் ஈரம், ஒன்றையும் விடவில்லை. மாத்திரை பாட்டிலையும் மேசைமேல் வைத்தேன்.

சின்ன முதலாளி கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது யாரு பட்டுமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கழிவு நூலு மொத்தத்தையும் குடுத்துட்டோம்னு உங்க அக்கா சொல்லிச்சு. இது எங்கேர்ந்து வந்துது?"

திருடவில்லை என்று நிரூபிக்க வந்தவள், திருட்டுப் பொருளைக் கையோடு கொண்டு வந்து அவர் மேசைமேலேயே வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை மூக்கால் சிரித்தார். "படிச்ச பொண்ணு மொதலாளி" என்றார்.

"சரி, அத வுடு" என்றார் சின்ன முதலாளி. "ஈரத்துல பட்டு எடை ஏறும், காய்ஞ்சா கொறையும். அதானே சொல்ற? அப்போ இதே மழைல பாவு வாங்கிக்கினு போனவங்க இதே வெயில்ல கொண்டாந்து குடுத்தாங்களே. அவங்க எடை மட்டும் எப்டி சரியா வந்துது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பதில் சொன்னால் அக்கா பிழைத்துவிடுவாள். ராஜாமணி மாமி வீடு, அதற்கு அடுத்த வீடு, முனை வீடு என்று ஒவ்வொரு தறியாக நிற்கும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லாதே என்று அவள் தலையாட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

"தெரியாது சார்" என்றேன்.

"தெரியாதில்ல? எனக்குத் தெரியும். பட்டு எங்கியும் போகாது. போனா கையோடதான் போவும்."

லட்சுமிக் கட்டு

சின்ன முதலாளி எழுந்து சுவரோரம் இருந்த மர பீரோவிடம் போனார். அதற்குள் லட்சுமி படமும் அதன் முன்னால் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு பட்டுக் கட்டும் இருந்தன. தீபாவளியன்று முதல் பட்டைத் துணியோடு சேர்த்து எடை போட்டு, துணியிலேயே எடையை எழுதி, கட்டி வைப்பது அந்தக் கடையில் பழக்கம். சித்திரை பிறக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அதிலிருந்துதான் புது வருஷத்தின் முதல் பாவு.

"இத நானே எடை போட்டுக் கட்டினேன். அன்னிக்கும் மழ கொட்டிக்கினுதான் இருந்துது. நீ சொல்றபடி பாத்தா இதுவும் கொறையணும். கொறையாது, பாத்துக்க."

அவர் கண்ணில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. மூடிய பீரோ. சுற்றிலும் துணி. அதற்குள் காற்று போய் வருமா, ஈரம் வெளியேறியிருக்குமா என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. குறையாவிட்டால் நாங்கள் முடிந்தோம். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

மஞ்சள் கட்டு தட்டில் ஏறியது. துணியில் எழுதியிருந்தபடி கணக்குப்பிள்ளை கற்களை வைத்தார். முள் ஆடியது. எடைக்கல் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

கணக்குப்பிள்ளை கட்டை எடுத்துத் திரும்ப வைத்தார். முள் அசைந்துகொடுக்கவில்லை.

வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் சின்ன முதலாளி என்னைப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையைப் பார்த்தார்.

"பீரோ சாவி உங்ககிட்டதான இருக்குது?"

கணக்குப்பிள்ளையின் முகம் சாம்பலாகிவிட்டது. பெரியவர் காலத்திலிருந்து அந்தக் கடையில் இருப்பவர், ஐயம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். "நான் தெனம் வெளக்கு ஏத்தறதோட சரி மொதலாளி. தாயாரு மேல ஆணையா..." என்று ஆரம்பித்தார். குரல் உடைந்துவிட்டது. மேல்துண்டு தோளிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. எங்கள் கழுத்திலிருந்த கயிறு வேறொருவர் கழுத்துக்குப் போகிறது, போகட்டுமே என்றிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் மூக்கால் சிரித்தவர்தானே.

அக்கா பாயிலிருந்து எழுந்தாள்.

"மொதலாளி, அவரு எடுத்திருக்க மாட்டாரு."

அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது. சின்ன முதலாளி திரும்பினார். "உனக்கு எப்டிமா தெரியும்?"

"எனக்கும் இப்டித்தான் கொறைஞ்சுது. நானும் எடுக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். என்னுடைய ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் செய்யாததை அது செய்தது. சின்ன முதலாளி தராசைப் பார்த்தார், மஞ்சள் கட்டைப் பார்த்தார், தெருப்பக்கம் காய்கிற வெயிலைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "பெரியவரு மழ நாள்ல வெத்தல வெப்பாரு. கல்லு தட்டுல. வெயில் நாள்ல வெக்க மாட்டாரு."

அந்தக் கனத்த மனிதர், வெற்றிலை குதப்பிய வாயோடு, மழையின் எடையைக் கழித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்து செய்தாரா, அவர் அப்பா செய்ததைப் பார்த்துச் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைக் கஞ்சப் பிசுநாறி என்று சொன்ன எங்கள் அம்மா, பிற்பாடு எங்கள் வீட்டு லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க அவர் படம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"அப்போ மத்தவங்களுக்கு எப்டி..." என்று சின்ன முதலாளி மறுபடி ஆரம்பித்தார். அலமாரியில் அடுக்கியிருந்த மற்றவர்கள் புடவைகளின் பக்கம் அவர் கண் போனது. எழுந்து போய் ஒன்றை எடுத்துத் திரும்ப எடை போட்டால் போதும், சரிகையை வெளிச்சத்தில் பிடித்தால் போதும். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

"கனகாவுக்குப் பாவு எடுத்துக் குடுங்க" என்றார்.

மாத்திரை பாட்டிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது அவருடைய பட்டுதானே.

ஐப்பசி

அந்த வருஷமும் மழை வந்தது. பொன்னேரிக்கரை ஏரி தளும்பியது. தெருவில் பாவு விரிக்க முடியாமல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. அக்காவோடு பாவு வாங்க நானும் போனேன். கூடப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் கவலையிலேயே செத்துவிடுவேன் என்பதால் போனேன்.

சின்ன முதலாளி தானே எடை போட்டார். கல்லை வைத்தார். பட்டை வைத்தார். முள் நடுவில் நின்றது. இத்தனை மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டாரா?

அவர் குனிந்து மேசைக்கடியிலிருந்து ஒரு வெற்றிலைக் கவுளியை எடுத்தார். கட்டை அவிழ்த்து, முழுவதையும் கல் தட்டில் வைத்தார். தட்டு இறங்கியது. பட்டுத் தட்டில் அள்ளி அள்ளிப் பட்டு வைத்தார், முள் நடுவுக்கு வரும்வரை. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

அக்கா வெளியே எட்டிப் பார்த்தாள். தூறல் விட்டிருந்தது. திரும்பி வந்து, தட்டிலிருந்து ஒரு கைப்பிடி வெற்றிலையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"இவ்ளோ மழ பெய்யல மொதலாளி" என்றாள்.